அச்சும் அரமும்



நம் ஒர்க்‌ஷாப் வராந்தாவில் இப்போது ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "மச்சி, த்ரீ-டி பிரிண்டர் வந்தாச்சு. டிராயிங்கைக் கம்ப்யூட்டர்ல போட்டா பொருள் வெளியே வந்துடுது. இன்னமும் பிட்டிங் ஷாப்ல நின்னு அரத்தைப் போட்டு ராவிக்கிட்டு இருக்கணுமா?" என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரிகிறது. முதலாம் ஆண்டில் ஒரு ஸ்கொயர் ஜாயின்ட்டுக்காகக் கை கொப்புளித்தவர்களுக்கு இந்தப் பேச்சு இனிக்கத்தான் செய்யும்.

ஆனால் நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். காரணம், ஒரு சின்ன ரயில் பாயிண்ட்.

எங்கள் குழு இறுதியாண்டு புராஜெக்ட்டாக எடுத்துக்கொண்டது, நேரோ கேஜ் ரயில் பாதையின் ஒரு பாயிண்ட்டை அளவு குறைத்த மாடலாகச் செய்வது. அதில் பாதிப் பாகங்கள் பிரிண்டரில் வந்தவை. மீதிப் பாகங்கள் அரத்தில் வந்தவை. 'என்னடா இவன், பொம்மை ரயிலைப் பற்றி மலரில் எழுதுகிறானே' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பிரிண்டரால் எது முடியும், எது முடியாது என்பதைச் சில மாதங்களில் எங்களுக்குப் புரியவைத்தது அந்தப் பொம்மைதான்.

பாயிண்ட் என்பது என்ன?

ஒரு தண்டவாளப் பாதை இரண்டாகப் பிரியும் இடமே பாயிண்ட். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு கோடுகள் நான்காகிப் பிரிவது போலத் தெரியும். பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் அதன் வேலை புரியும். வெளியே இரண்டு ஸ்டாக் ரயில்கள் அசையாமல் கிடக்கும். உள்ளே கத்தி போல முனை மெலிந்த இரண்டு டங் ரயில்கள் உண்டு. இவை இரண்டும் ஒன்றாக அசையும். ஒன்று ஸ்டாக் ரயிலோடு ஒட்டும்போது மற்றது விலகி நிற்கும். எது ஒட்டியிருக்கிறதோ அதைப் பொறுத்து வண்டி நேரே போகும், இல்லையென்றால் திரும்பும்.

கொஞ்சம் தள்ளி, ஒரு பாதையின் தண்டவாளம் இன்னொரு பாதையின் தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டும் இடம் கிராசிங். அங்கே 'வி' வடிவத்தில் ஒரு மூக்கு இருக்கும். அதன் இருபுறமும் விங் ரயில்கள். சக்கரத்தின் பிளேஞ்ச் நுழைந்து போக அங்கே இடைவெளி விட்டே ஆக வேண்டும். அந்த இடைவெளியில் சக்கரம் தவறான பக்கம் நுழைந்துவிடாமல், எதிர்ப்பக்கத்திலிருந்து சக்கரத்தின் முதுகைப் பிடித்து இழுத்து வைத்துக்கொள்வது செக் ரயில்.

பார்க்க எளிது. ஆனால் இதில் ஒவ்வொரு பாகமும் பக்கத்துப் பாகத்தின் அளவைச் சார்ந்தே நிற்கிறது. தனியாக எதுவும் சரி என்று சொல்ல முடியாது. சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் சரியா, தவறா என்று தெரியும். பிட்டிங் என்ற சொல்லுக்கே அதுதானே அர்த்தம்!

டார்ஜிலிங் ஏன்?

"நம்ம ஊட்டி ரயில் இருக்கும்போது டார்ஜிலிங் எதுக்கு?" என்று பலர் கேட்டார்கள். நண்பர்களே, ஊட்டி ரயில் நேரோ கேஜ் இல்லை. அது மீட்டர் கேஜ், 1000 மி.மீ. அகலம். மலை ரயில் என்றாலே நேரோ கேஜ் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நம் நாட்டில் நேரோ கேஜ் என்றால் 762 மி.மீ., 610 மி.மீ. என்ற இரண்டு அளவுகள்தான். கல்கா - சிம்லா பாதை 762. டார்ஜிலிங் பாதையும் மாதேரான் பாதையும் 610, அதாவது இரண்டு அடி.

டார்ஜிலிங் பாதை 1881-ல் முடிந்தது. 1999-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அடிவாரத்துச் சமவெளியிலிருந்து, 2,258 மீட்டர் உயரத்தில் உள்ள கூம் நிலையம் வரை அந்தச் சின்ன வண்டி ஏறுகிறது. இவ்வளவு ஏற்றத்துக்கும் ஊட்டிப் பாதையில் உள்ளது போன்ற பல்சக்கரம் கிடையாது. வளைந்து வளைந்து ஏறுகிறது. வளைய இடமில்லாத இடத்தில் இசட் போட்டு ஏறுகிறது. வண்டி முன்னால் போய் நிற்கும், பாயிண்ட் மாறும், பின்னாலேயே மேலே ஏறும், மறுபடி நிற்கும், இன்னொரு பாயிண்ட் மாறும், பிறகு முன்னால் போகும். ஒரு இசட்டுக்கு இரண்டு பாயிண்ட். பாயிண்ட் இல்லையென்றால் அந்த வண்டி அந்த மலையில் ஏறவே முடியாது. அதனால்தான் அந்தப் பாதையை எடுத்தோம்.

அளவுக்கு வருவோம். இங்கிலாந்தில் நேரோ கேஜ் மாடல் செய்பவர்கள் பலவித அளவுகள் வைத்திருக்கிறார்கள். ஒரு அடிக்கு 4 மி.மீ. என்று எடுத்து 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டுவது அங்கே மிகவும் பரவலானது. ஆனால் கணக்குப் போட்டால் 9 மி.மீ. என்பது இரண்டே கால் அடி. கடையில் கிடைக்கும் சக்கரத்துக்காக அளவில் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு முறை, ஒரு அடிக்கு 16 மி.மீ. இதில் இரண்டு அடி சரியாக 32 மி.மீ. ஆகிறது. கொசுறு இல்லை, குறை இல்லை. அசலில் ஏறத்தாழ 19-ல் ஒரு பங்கு. நம் வெர்னியரில் பிடித்து அளக்கலாம், நம் அரத்தில் ராவலாம். அதையே எடுத்தோம்.

0.2 மி.மீ. செய்யும் வேலை

இனி கணக்கு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். என் கட்சி முழுவதும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

கேஜ் 32 மி.மீ. பிளேஞ்ச் போகும் இடைவெளியை 2 மி.மீ. என்று வைத்தோம். அப்படியானால் செக் ரயிலின் முகத்திலிருந்து மூக்கு வரை 30 மி.மீ. செக் ரயில் முகத்திலிருந்து விங் ரயில் முகம் வரை 28 மி.மீ. சக்கர ஜோடியில் உட்பக்கத்துக்கு உட்பக்கம் 28.5 மி.மீ. பிளேஞ்ச் தடிமன் 1.3 மி.மீ. ஆக, ஒரு சக்கரத்தின் முதுகிலிருந்து மறு சக்கரத்தின் பிளேஞ்ச் முகம் வரை 29.8 மி.மீ.

விதி இரண்டே இரண்டு. 28.5 என்பது 28-ஐ விட அதிகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் இரண்டு ரயிலுக்கும் மேலே ஏறி இறுகிக்கொள்ளும். 29.8 என்பது 30-க்குள் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பிளேஞ்ச் மூக்கில் இடிக்கும். முதல் விதியில் நமக்கு மிச்சம் 0.5 மி.மீ. இரண்டாவதில் மிச்சம் 0.2 மி.மீ. அவ்வளவுதான்.

இப்போது பிரிண்டரைப் பாருங்கள். இழையை உருக்கி ஊற்றும் சாதாரண பிரிண்டரின் முனைத் துளை 0.4 மி.மீ. ஒவ்வொரு அடுக்கும் 0.2 மி.மீ. உருகிய பிளாஸ்டிக் பக்கவாட்டில் பிதுங்கும், குளிரும்போது சுருங்கும். அதனால் 0.2 அல்லது 0.3 வித்தியாசம் வருவது சகஜம். மேஜைமேல் வைக்கும் பிள்ளையார் பொம்மைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நம் பாயிண்ட்டில் செக் ரயில் இடைவெளி 2 மி.மீ.-க்குப் பதில் 2.3 ஆனால், 30 என்ற அளவு 29.7 ஆகிவிடும். பிளேஞ்ச் 29.8-ல் வருகிறது. மூக்கில் 'டக்'கென்று இடிக்கும். சரி, இடைவெளி குறைந்தால் நல்லதா? இருபுறமும் 1.7 ஆனால் 28 என்பது 28.6 ஆகிறது. சக்கரம் 28.5. வண்டி இறுகி நின்றுவிடும். அதிகமானாலும் வம்பு, குறைந்தாலும் வம்பு!

முழு அளவு ரயில்வேயிலும் இதே கதைதான். டங் ரயிலின் முனைக்குப் பக்கத்தில் 5 மி.மீ. தகட்டை இடையில் வைத்துப் பார்த்து, அப்போது பாயிண்ட் பூட்டிக்கொள்ளக் கூடாது என்று சோதிக்கிறார்கள். எத்தனையோ டன் எடையில் ஓடுகிற வண்டிக்கு 5 மி.மீ. என்பதே பேச்சு. அதை 19-ல் ஒரு பங்காக்கினால் கால் மில்லிமீட்டர் சுமார். நம் பிரிண்டர் தவறுகிற அளவும் ஏறக்குறைய அதுவே.

எதை அச்சடிப்பது, எதை ராவுவது?

இவ்வளவு சொன்னதால் நான் பிரிண்டருக்கு விரோதி என்று எண்ணிவிட வேண்டாம். 1980-களின் கடைசியில் ஸ்காட் கிரம்ப் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்து உரிமம் கேட்ட முறை இது. அந்த உரிமம் 2009-ல் காலாவதியானது. அதற்கு முன்பே, 2005-ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 'ரெப்ராப்' திட்டத்தைத் தொடங்கி, யார் வேண்டுமானாலும் பிரிண்டர் கட்டலாம் என்று வரைபடங்களை ஊருக்கே திறந்து வைத்தார். அந்த வழியில்தான் இந்தக் கருவி நம்மைப் போன்ற பாலிடெக்னிக் மாணவன் கை வரைக்கும் வந்தது. அதை மதிக்காமல் இருக்க முடியுமா?

எங்கள் பாயிண்ட்டில் ஸ்லீப்பர் கட்டைகள் எல்லாம் பிரிண்டரில் வந்தவை. ஒவ்வொரு கட்டையும் வெவ்வேறு நீளம். ஒவ்வொன்றிலும் ரயிலைப் பிடிக்கும் சேர் வெவ்வேறு இடத்தில். இதைக் கையால் வெட்டி, குறித்து, ஆணி அடித்தால் ஒரு செமஸ்டர் போய்விடும். பிரிண்டர் இரண்டு ராத்திரியில் கொடுத்துவிட்டது. தண்டவாளத்துக்கு 5 மி.மீ. உயரம், 2 மி.மீ. தடிமன் உள்ள பித்தளைப் பட்டை. அதை வெட்டி, அச்சடித்த சேரில் நிமிர்த்திச் சொருகினால் நிற்கிறது.

மூக்கை மட்டும் அச்சடிக்கவில்லை. சோதனைக்காகப் பிளாஸ்டிக்கில் ஒன்று, பித்தளையில் ஒன்று என்று இரண்டு மூக்கு செய்து, மாற்றி மாற்றி வைத்து வண்டியை ஓட்டிப் பார்த்தோம். பிளாஸ்டிக் மூக்கின் முனை ஒரே நாளில் மழுங்கிவிட்டது. பித்தளை மூக்கு பளபளவென்று இருந்தது. பெரிய ரயில்வேயிலும் மூக்கு தனி மரியாதைக்குரியதுதான். அடிமேல் அடி விழும் இடம் என்பதால் அங்கே வார்ப்பு மாங்கனீஸ் எஃகுக் கிராசிங்குகளைப் போடுகிறார்கள். அடி விழ விழ இறுகும் உலோகம் அது. ஹாட்ஃபீல்டு என்பவர் 1882-ல் கண்டது.

பித்தளை மூக்கைச் செய்வது முழுக்க முழுக்கப் பிட்டிங் ஷாப் வேலை. எங்கள் கிராசிங் 1-க்கு 6. இரண்டு பட்டைகளும் ஆளுக்குப் பாதி சாய்வு எடுத்துக்கொள்வதால் ஒவ்வொன்றும் 1-க்கு 12. பட்டையின் தடிமன் 2 மி.மீ. என்பதால், 24 மி.மீ. நீளத்துக்கு ஒரே சீராக ராவி, முனையைக் கத்தியாக்கி, இரண்டையும் ஒட்டிப் பற்றவைக்க வேண்டும். இரும்பை ராவித் தேய்ந்த அரம் பித்தளையில் வழுக்கும். புது அரம் வேண்டும். பல்லில் தூள் அடைக்காமல் இருக்கச் சாக்பீஸ் தேய்க்க வேண்டும். இதெல்லாம் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது? நம் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் முதல் வருடமே சொல்லிக் கொடுத்ததுதான்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. அந்தச் சாய்வைப் பிடித்து ராவ ஒரு ஜிக் வேண்டுமே! அதை பிரிண்டரில் அடித்தோம். பட்டையை அதில் வைத்து வைஸில் இறுக்கி, ஜிக்கின் மேல்மட்டம் வரை ராவினால் சாய்வு தானாக வந்துவிடுகிறது. அரம் பிளாஸ்டிக்கையும் கொஞ்சம் தின்னும். தின்னட்டும், இன்னொன்று அடித்துக்கொள்ளலாம். அச்சு அரத்துக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறது. அரம் அச்சின் குறையைத் தீர்க்கிறது.

ஆனால் ஒன்றை மறந்தும் அச்சடிக்கக் கூடாது. அதுதான் அளக்கும் கேஜ். பிரிண்டர் 32-ஐ 31.8 ஆக அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதையும் 31.8, கேஜும் 31.8. வைத்துப் பார்த்தால் கச்சிதமாகப் பொருந்தும்! குற்றவாளியே சாட்சி சொன்ன மாதிரி. அதனால் எம்.எஸ். ராடு ஒன்றை லேத்தில் கடைந்து, மைக்ரோமீட்டரில் சரிபார்த்து, கேஜ் செய்தோம். அளப்பது வேறொரு கையிலிருந்து வர வேண்டும். எந்தத் துறைக்கும் இந்தப் பாடம் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பற்றவைக்கும் வேலையைப் பாதையில் பொருத்துவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். பி.எல்.ஏ. பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியிலேயே இளகும். சால்டரிங் அயர்ன் பட்டால் சேர் வழிந்துவிடும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தாலே வளைந்துவிடும் சரக்கு அது.

"மெட்டல் பிரிண்டர் வந்தா?"

இந்தக் கட்டுரையைக் கையெழுத்துப் பிரதியில் படித்த நண்பன் ஒருவன் கேட்டான்: "சரிடா, உலோகத்தையே அச்சடிக்கிற மெஷின் வந்துடுச்சே. அப்போ உன் அரம் என்னாகும்?"

நல்ல கேள்வி. உலோகத் தூளை லேசரில் உருக்கி அடுக்கும் இயந்திரங்கள் வந்திருப்பது உண்மை. ஆனால் அதில் வரும் பாகத்தையும் அப்படியே பொருத்துவதில்லை. தாங்குகால்களை வெட்ட வேண்டும். இன்னொரு பாகத்தோடு சேரும் முகத்தை மெஷினில் சீவியோ தேய்த்தோ அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இயந்திரம் எவ்வளவு நுட்பமானாலும், 'இந்தப் பாகம் அந்தப் பாகத்தோடு சேருமா?' என்று பார்த்து முடிவு செய்ய ஒரு ஆள் தேவை. அந்த ஆள் எப்படி உருவாகிறான்? வெர்னியரைப் பிடித்து, ராவி, வைத்துப் பார்த்து, மறுபடி ராவித்தான். டார்ஜிலிங் பாதையில் தின்தாரியா என்ற ஊரில் ஒரு பணிமனை உண்டு. நூறாண்டுக்கு முந்தைய நீராவி என்ஜின்களை இன்னமும் பழுதுபார்த்து ஓட விடுகிறார்கள். அந்த என்ஜினுக்குக் கடையில் பாகம் கிடைக்காது. கைதான் கடை.

புராஜெக்ட் யாருடையது?

இப்போது நேராகவே ஒன்று சொல்லப் போகிறேன். சிலருக்குக் கசக்கலாம்.

இறுதியாண்டு வந்தால் நம்மில் பலர் புராஜெக்ட் விற்கும் கடைகளைத் தேடிப் போகிறோம். பணத்தைக் கட்டினால் பொருளும் கிடைக்கும், பைண்டு செய்த ரிப்போர்ட்டும் கிடைக்கும், வைவாவில் சொல்ல வேண்டிய பதிலும் ஒரு தாளில் கிடைக்கும். அப்பா அம்மா கடன் வாங்கிக் கட்டுகிற பணம் அது. அதைக் கொடுத்து நாம் வாங்குவது என்ன? ஒரு டப்பா. அதைத் திறந்து காட்டி, "இந்த இடைவெளி ஏன் இவ்வளவு?" என்று எக்ஸ்டர்னல் கேட்டால் நம் முகத்தில் ஈ ஆடாது.

பிரிண்டரும் இப்போது அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. யாரோ வரைந்த பைலை எடுத்து, எங்கோ அடித்து வாங்கி, பெயின்ட் பூசி, மேஜைமேல் வைத்து, "எங்கள் வடிவமைப்பு" என்கிறோம். அதில் நம் கை எங்கே? நம் மூளை எங்கே?

ஒரு பாயிண்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஏமாற்றவே முடியாது. வண்டி ஒன்று ஓடும், இல்லையென்றால் கவிழும். பெயின்ட் அடித்து அதை மறைக்க முடியாது. இதில் எல்லாப் பிரிவுக்கும் வேலையும் உண்டு. வளைவைக் கணக்கிட்டுக் குறிப்பது சிவில் நண்பர்கள் வேலை. ராவுவதும் கடைவதும் மெக்கானிக்கல். இரண்டு தண்டவாளத்தில் மின்சாரம் விட்டு ஓட்டினால், உலோக மூக்கு இரண்டு பாதைக்கும் பொது என்பதால், பாயிண்ட் மாறும்போதெல்லாம் மூக்கின் துருவமும் மாற வேண்டும். இல்லாவிட்டால் ஷார்ட் ஆகும். அதைத் தீர்ப்பது எலக்ட்ரிக்கல் நண்பர்கள். டிராயிங்கும் கட்டுப்பாடும் கம்ப்யூட்டர் பிரிவு. நான்கு பிரிவும் ஒரே மேஜையைச் சுற்றி நிற்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆகவே மாணவர் மன்றம் வழியாக நிர்வாகத்திடம் மூன்று வேண்டுகோள் வைப்போம். ஒன்று, பிரிண்டர் கண்ணாடி அறையில் பூட்டி, விருந்தினர் வரும்போது மட்டும் காட்டும் பொருளாக இருக்கக் கூடாது. வகுப்பு முடிந்த பிறகு முறை வைத்து எல்லா மாணவருக்கும் திறக்க வேண்டும். இரண்டு, பிரிண்டர் வாங்கும் அதே ஆண்டில் பிட்டிங் ஷாப்புக்குப் புது அரங்களும் நல்ல வெர்னியர்களும் வாங்க வேண்டும். மூன்று, புராஜெக்ட் மதிப்பெண்ணில் ஒரு பகுதியை, அந்த மாணவன் தன் கையால் ஒரு பாகத்தை ஆசிரியர் முன்னால் அளந்து, திருத்திப் பொருத்திக் காட்டுவதற்கு ஒதுக்க வேண்டும்.

மூன்றாவது வேண்டுகோளுக்கு நம் ஆட்களே எதிர்ப்புச் சொல்வார்கள் என்று தெரியும். சொல்லட்டும். நாளை ஏதோ ஒரு டூல் ரூமில், ஏதோ ஒரு லோகோ ஷெட்டில், ஒரு பாகத்தைக் கையில் கொடுத்து "இது சேருமா தம்பி?" என்று ஒருவர் கேட்பார். அப்போது பைல் எங்கே என்று தேட நேரம் இருக்காது. பதில் நம் விரல் நுனியில் இருக்க வேண்டும்.

பிரிண்டர் வடிவத்தைக் கொடுக்கும். அதைப் பொருத்துவது நம் பொறுப்பு. டிப்ளமோ என்று நம் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் சொல்லுக்கு நான் கண்ட பொருள் இதுதான் நண்பர்களே!

- மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்